சேர்த்து வைக்காத படம்

வத்தலக்குண்டு தியேட்டரில் அன்று காலைக் காட்சிக்கு எங்களையும் சேர்த்து இருபது பேர் இருந்தால் அதிகம். மேலே ஃபேன்கள் பெரிய சத்தத்தோடு சுற்றின, காற்றுத்தான் கீழே வரவில்லை. கொடைக்கானலில் இருந்து போட்டுக்கொண்டு வந்த ஸ்வெட்டரைக் கழற்றி அம்மா மடியில் வைத்திருந்தாள். மலையிறங்கியவர்களுக்கு வரும் வியர்வை அவள் மேலுதட்டில் பொடிப்பொடியாக நின்றது.

விளக்கு அணைந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. அம்மா என் முழங்கையைத் தட்டினாள்.

"என்னடி போட்டிருக்கு?"

"உண்மைச் சம்பவத்தைத் தழுவி எடுத்ததுன்னு போட்டிருக்கும்மா."

"யாரு சம்பவம்னு போடலையா?"

"அதெல்லாம் போட மாட்டாங்க."

"சரி, பேசாம படத்தப் பாரு" என்றாள், ஏதோ நான்தான் பேச்சை ஆரம்பித்த மாதிரி.

அம்மாவுக்கு அந்தப் பக்கம் காசிம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மூஞ்சிக்கல் பஜாரில் எங்கள் வீட்டுக்குக் கீழே காய்கறிக்கடை வைத்திருப்பவர். வாரம் தவறாமல் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிற தன் வேனை, அந்த வாரம் எங்களுக்காக வத்தலக்குண்டுப் பக்கம் திருப்பியிருந்தார். சின்னப் படம். மலைக்கு வரவில்லை. இங்கேயும் காலையில் ஒரு காட்சிதான்.

"வெங்காயத்த இங்க வாங்கிக்கிறேன். இந்தப் படத்த ஒட்டன்சத்திரத்துல பாக்க முடியுமா?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஏனென்றால் அது அம்மாவின் படம்.

தூங்காத படங்கள்

எங்கள் வீட்டில் டிவி வந்தது நான் ஸ்கூல் முடிக்கிற சமயம். அம்மா அப்போது காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சாயங்காலம் வந்து வெந்நீரில் கால் கழுவி, சுவரில் சாய்ந்து உட்காருவாள். படம் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்துவிடும். நாயகன் பறந்து பறந்து அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாள்.

ஆனால் தொடக்கத்தில் அந்த எழுத்து வந்துவிட்டால் போதும், கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் "இது நடந்ததா, கட்டுனதா?" என்று முதலில் என்னைக் கேட்டு உறுதி செய்துகொள்வாள்.

அப்படித்தான் எனக்கும் அந்த ருசி ஒட்டியது. செய்யாத குற்றத்துக்கு உள்ளே போன ஒருவனை வருஷக்கணக்காக அலைந்து வெளியே கொண்டுவந்த வக்கீலம்மா படம் ஒன்று உண்டு. இன்றைக்கும் மனசு சோர்ந்தால் நான் போட்டுப் பார்க்கிறது அதைத்தான். அம்மாவுக்குப் பிடித்தது வேறு. கடலில் திசை தப்பிப்போன மீனவர்களின் படம். மழைத்தண்ணீரைக் குடித்துக் கிடந்து பிழைத்துக் கரை சேர்கிறார்கள். கடைசியில் நிஜ மனிதர்களின் போட்டோவைக் காட்டுவார்கள் அல்லவா, அப்போது அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

"அந்தக் கடைசி ஆளு இப்ப இருக்காரா?"

"தெரியலையேம்மா."

"மறுபடி கடலுக்குப் போனாரா?"

"படம் அதோட முடிஞ்சுருச்சும்மா."

"படந்தானடி முடிஞ்சுச்சு. அவரு வீட்டுக்குப் போயிருப்பாருல்ல."

ரெண்டு நாள் அதே கவலையாகத் திரிவாள். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். பாத்திரம் விளக்கிக்கொண்டே சொன்னாள். "கதைன்னா எழுதுனவன் நெனச்சா மாத்திப்புடலாம். நடந்தத ஒருத்தனும் மாத்த முடியாது. அதான் பாத்தா உள்ளுக்குள்ள என்னமோ செய்யுது."

இதைச் சொன்ன அம்மாதான் பிறகு ஒரு டைரக்டரிடம், நடந்ததை மாற்றச் சொல்லிக் கேட்டாள். அதற்கு அந்த டைரக்டர் வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

மழைக்கு வந்த ஆள்

சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு நாங்கள் வாடகைக்கு விடும் மாடி அறைகளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். சீசனில் நிற்க இடமிருக்காது. ஐப்பசி மழையில் ஈ காக்கை இருக்காது. அப்படி ஒரு மழையில்தான் இளங்கோ என்கிற அந்தத் தம்பி, நனைந்த பையோடு வந்து ரூம் கேட்டார். முப்பது வயதுதான் இருக்கும். சினிமா டைரக்டர் என்றார். இன்னும் படம் எடுக்கவில்லை என்றும் அவரே சொன்னார்.

சிலோனில் இருந்து தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்பினார்களே, அப்படி வந்தவர்கள் இந்த மலையில் நிறையப்பேர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடி வந்திருந்தார். ஊர் ஊராக அலைந்துவிட்டு, ஈரக் காலோடு சாயங்காலம் திரும்புவார். அப்படி வந்த ஒருத்தியின் வீட்டிலேயே தான் தங்கியிருப்பது அவருக்குத் தெரியாது. அம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் மதியம் அம்மா பின்கட்டில் பூம்பாறைப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் மாடியிலிருந்து எதற்கோ கத்தினேன். "ஏண்டி கோச்சி மாதிரிக் கூவுற?" என்றாள் அம்மா.

தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த இளங்கோ நிமிர்ந்தார். ரயிலைக் கோச்சி என்பவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

பாதிக் கூடை முடிந்தபோது அம்மா பேசினாள். நான் டீ கிளாஸோடு வாசற்படியில் நின்றவள் அப்படியே நின்றேன். அவள் சொன்ன கதை அதுவரை எனக்கும் தெரியாது.

ஒற்றைச் சடை

அம்மாவுக்கு அப்போது பதினாலு வயது இருக்கலாம். இந்தியாவுக்குப் போகலாம் என்று தாத்தா குடும்பத்துக்குத் தாள் வந்துவிட்டது. அம்மாவுடைய அக்கா காமாட்சிக்கு வரவில்லை. அவள் கட்டிக்கொண்டவர் அந்த நாட்டிலேயே பிரஜையாகப் பதிந்தவர். ஆக, அப்பன் வீடு இங்கே, அக்கா அங்கே.

ஸ்டேஷனுக்கு அக்கா வழியனுப்ப வந்தாள். நிறைமாசம். பனி மூடிக் கிடந்தது, பிளாட்பாரம் முழுக்க ஆட்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் அழவில்லை. அங்கே இந்தியாவுக்குச் சீமை என்று பேர். "இப்படித் தலைய விரிச்சுப் போட்டுட்டா சீமைக்குப் போறது?" என்று அம்மாவை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்துத் தலை பின்ன ஆரம்பித்தாள். வலப்பக்கம் பின்னி ரிப்பன் கட்டியாயிற்று. இடப்பக்கம் எடுக்கும்போது கோச்சி வந்துவிட்டது.

"எங்க அப்பா வந்து கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு. அக்கா கையில சீப்பு. அது அப்படியே நிக்குது. வகுத்த வச்சுக்கிட்டு ஓட முடியல அதுக்கு."

ரயில், கப்பல், மறுபடி ரயில், மண்டபம் முகாம். வழியெல்லாம் ஒரு பக்கம் சடை, ஒரு பக்கம் விரித்த முடி. பாட்டி சீப்பை எடுத்தாலே அம்மா கத்துவாளாம். அக்கா வந்துதான் மிச்சத்தைப் பின்ன வேண்டும் என்று பிடிவாதம். சிக்கு விழுந்து, பேன் பிடித்து, கடைசியில் முகாமில் இருந்த பெண்கள் ரெண்டு பக்கத்தையும் கத்தரித்துவிட்டார்கள்.

அங்கிருந்து லாரியில் இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். மரம் வெட்டிப் பட்டை உரிக்கிற வேலை. அக்காவிடம் இருந்தது முகாம் விலாசம். அவர்களும் பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்களாம். யாருக்கு யார் எங்கே எழுதுவது? அங்கே கலவரம் என்று செய்தி வந்த வருஷங்களில் அம்மா ரேடியோவை விட்டு நகரவில்லை என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அரசியலில் இவ்வளவு ஆர்வமா என்று அப்பாவுக்கு ஆச்சரியமாம்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்றேன்.

"உங்கிட்டச் சொன்னா நீ அழுவ. உன்னயத் தேத்துறது ஒரு சோலியா? இந்தத் தம்பின்னா கேட்டுட்டுப் போயிரும்."

இளங்கோ கையிலிருந்த பூண்டை உரித்து முடித்தார். பிறகு, "அம்மா, இத நான் எடுத்துக்கிரட்டுமா?" என்றார்.

"எடுத்துக்க. ஆனா கடைசில எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சிரு."

"அது நடக்கலையேம்மா. பொய்யாயிருமே."

"நடக்காதுன்னு உனக்குத் தெரியுமா?"

அவர் கூடையிலிருந்து இன்னொரு பூண்டை எடுத்தார்.

"முடிவு யாருக்குந் தெரியாதுல்ல தம்பி. தெரியாதத நல்லதா வச்சா என்னவாம்?" என்று சொல்லிவிட்டு, அம்மா பூண்டுத் தோலை வாரிக்கொண்டு எழுந்துபோனாள்.

திரையில் நடந்தது

ரெண்டு வருஷம் கழித்துப் படம் வந்தது. அதைப் பார்க்கத்தான் அந்தத் தியேட்டரில் உட்கார்ந்திருந்தோம்.

ஸ்டேஷன் காட்சி வந்ததும் அம்மா முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அக்காவாக நடித்த பெண் கதறிக் கதறி அழுதாள்.

"அக்கா அழுகல. இந்தப் பிள்ள ஏன் இந்த அழுக அழுகுது?" என்றாள் என் காதில். கொஞ்சநேரம் கழித்து, "சீப்பு வச்சிருக்கா. அது சரி" என்றாள்.

ஒற்றைச் சடையோடு அந்தச் சிறுபெண் ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். காற்றில் ஒரு பக்க முடி மட்டும் பறந்தது. அம்மாவின் கை தன்னையறியாமல் இடப்பக்கத் தலைக்குப் போனது. பிறகு இறங்கி மடியில் கிடந்த ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டது. எனக்கு நினைவு தெரிந்து அம்மா கொண்டைதான் போடுவாள். சடை பின்னி நான் பார்த்ததே இல்லை.

அதன்பிறகு அம்மா ஒன்றுக்கும் குறை சொல்லவில்லை. முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

வயதான தங்கை ராமேஸ்வரம் கடற்கரையில் நிற்கிறாள். அலை வருகிறது. திரை இருண்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. விளக்கு போட்டுவிட்டார்கள். பெருக்குகிறவர் வந்து பின்வரிசையில் இருந்து தொடங்கினார். அம்மா எழுந்திருக்கவில்லை.

"இன்னும் இருக்குல்ல?" என்றாள்.

"முடிஞ்சுருச்சும்மா."

காசிம் அண்ணன்தான் மெதுவாகக் கையைக் கொடுத்தார். "எந்திரிங்கம்மா. வெரசாப் போனா மழைக்கு முன்னாடி மலை ஏறிரலாம்."

வேனில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி மலையில் குளிர் காற்று முகத்தில் அடித்தபோது ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். குழந்தை மாதிரிக் கையை நீட்டினாள். பெருமாள்மலை தாண்டியபிறகுதான் பேசினாள்.

"ஒரே ஒரு சீன். அத வச்சா அவனுக்கு என்ன கொறஞ்சு போயிரும்?"

அன்று சாயங்காலம் இளங்கோ ஃபோன் செய்தார். அம்மா பேச மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். "நான் கோழைன்னு அம்மா நெனைக்கட்டும்க்கா. தெரியாதத தெரிஞ்ச மாதிரிக் காட்ட எனக்கு மனசு வரல" என்றார். எனக்கு அவர் மேல் கோபப்படவும் முடியவில்லை.

மொட்டை மாடியில்

படம் தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. சில மாசம் கழித்து ஃபோனில் பார்க்கிற மாதிரி வந்தது. நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை.

ஒருநாள் காலையில் இளங்கோ அழைத்தார். குரலே சரியில்லை.

"அக்கா, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்து ஒருத்தவங்க எனக்கு மெசேஜ் போட்டிருக்காங்க. பேரு மலர். படத்த ஃபோன்ல பாத்தாங்களாம். எங்க அம்மா ஒரு தங்கச்சிக்கு ஒத்தச் சடதான் பின்னி அனுப்புனேன்னு சொல்லிச் சொல்லி எங்களுக்குத் தல பின்னுவாங்க, இந்தக் கதைய உங்களுக்குச் சொன்னது யாருன்னு கேக்குறாங்க."

"பெரியம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கக்கா."

அம்மாவிடம் எப்படிச் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. அவள் அடுப்பை அணைத்தது மட்டும் நினைவிருக்கிறது. கேஸை மூடினாள், முந்தானையில் முகம் துடைத்தாள், "எங்க?" என்றாள்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் வரும். காசிம் அண்ணனும் கடையை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்துவிட்டார். பனி எங்களைச் சுற்றி வெள்ளையாக நின்றது. ஃபோனில் ஒரு முகம் தெரிந்தது. நரைத்த தலை, ஒட்டிய கன்னம்.

அம்மா பார்த்தாள். என் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "எங்க அம்மாடி இது" என்றாள்.

"அம்மா இல்லம்மா. உங்க அக்கா."

"ராசு" என்றது அந்த முகம். "ராசம்மா. எனக்குக் கண்ணு மங்கலு. கிட்ட வா."

அம்மா ஃபோனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு அம்மா கேட்டாள்.

"அக்கா, என்ன பிள்ள பொறந்துச்சு?"

ஐம்பது வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி. அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம்.

"பொம்பளப் பிள்ள. இந்தா, அவதான் ஃபோனப் பிடிச்சுக்கிட்டு இருக்கா."

படம் ஆடியது. எதிர்ப்பக்கத்துக் கேமரா திரும்பி, நரை விழுந்த, கண்ணாடி போட்ட ஒரு பெண் முகம் தெரிந்தது. "சின்னம்மா" என்றாள் மலர் அக்கா. அம்மா வெறும் கையால் ஃபோனைத் தடவினாள். அதில் எதுவோ அழுந்தி லைன் கட்டாகிவிட்டது. மறுபடி கிடைக்கும்வரை அம்மா தொட்டியைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

கீழே இறங்கும்போது காசிம் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அன்னைக்கு அந்தத் தம்பி சேத்து வச்சிருந்தா, அந்தப் பிள்ள மலரு, இது வேற யாரோ கதை, அவங்கதான் சேந்துட்டாங்களேன்னு விட்டிருக்கும்."

அம்மா அன்றைக்கே இளங்கோவுக்குப் பேசினாள். அத்தனை நாள் பேசாமல் இருந்ததற்கு வருத்தம் எல்லாம் சொல்லவில்லை. "சாப்பிட்டியா தம்பி?" என்றாள். அவர் அழுதார்.

ஒரு மணி நேரம்

பெரியம்மாவுக்கு முட்டி தேய்ந்து நடக்க முடியாது. போவதென்றால் நாங்கள்தான் போக வேண்டும். பாஸ்போர்ட் எடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். தை முடிந்து கிளம்பினோம்.

மதுரையில் விமானம் ஏறினோம். அம்மா ஜன்னல் சீட்டில் பெல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கடல் தெரிந்தது. கொடுத்த ஜூஸைக் குடித்து முடிப்பதற்குள் இறங்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

"எதுக்கு எறங்குது?"

"கொழும்பு வந்துருச்சும்மா."

அம்மா என்னையே பார்த்தாள். "இம்புட்டுக் கிட்டயா இருந்தா?" என்றாள்.

அங்கிருந்து வேனில் மலை ஏறினோம். தேயிலைக் காடு தொடங்கியதும் அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டாள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு வாசலில் பெரியம்மாவை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இளங்கோ எடுத்திருந்தால் அங்கே ஒரு சீப்பு வந்திருக்கும். நானும் உள்ளுக்குள் எதிர்பார்த்தேனோ என்னவோ. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அம்மா போய் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பெரியம்மா அவள் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரப்பட்டை உரித்துக் காய்த்துப்போன கை. "உனக்குச் சீனி வியாதி இருக்கா?" என்று கேட்டாள். "இல்லக்கா, பிரஷர்தான்" என்றாள் அம்மா.

பதினைந்து நாள் இருந்தோம். ரெண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். பகலெல்லாம் பெரிதாகப் பேச்சு ஒன்றும் இல்லை. செத்தவர்கள் பேரை ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். நடுவில் தூங்கிப்போவார்கள். மலர் அக்காவும் நானும் தேங்காய் ரொட்டி சுட்டுக்கொண்டே அவர்களை எட்டிப் பார்ப்போம். யார் அக்கா, யார் தங்கை என்று முதுகைப் பார்த்தால் தெரியாது.

கிளம்பும்போது யாரும் கதறவில்லை. ஃபோன்தான் இருக்கிறதே என்று எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

ஊருக்கு வந்து மாசம் ஆகிவிட்டது. தினமும் சாயங்காலம் மாடியில் பேச்சு நடக்கிறது. ஆனால் அம்மா முன்போல இல்லை. போன வாரம் ஒருநாள் வெள்ளனே எழுந்து பார்த்தேன். அடுக்களையில் டீயை வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"என்னம்மா, முடியலையா?"

"மனசு அக்காவத் தேடுதுடி."

"நேத்துத்தான பேசுனீங்க? இத்தன வருஷமும் இருந்துட்டு, பாத்துட்டு வந்த பெறகு என்னம்மா?"

"அப்ப எங்கிட்டுன்னு தேடுறது?" என்றாள் அம்மா. "இப்ப அந்த வாசல் தெரியும். அவ படுத்துக்கெடக்குற கட்டில் தெரியும். சுவத்துப் பக்கம் எனக்குன்னு எடம் விட்டுப் படுப்பா, அது தெரியும். இப்பத்தான் தேடுது."